வாணிக்கு, வீடு விற்ற கதை

வாணி,

நாங்கள் மேலே வந்துவிட்டோம். நேற்று முன்தினம், ஆவணி பிறந்து மூன்றாம் நாள், கடைசிப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு பழைய வீட்டின் எழுபத்திரண்டு படிகளையும் ஏறிக் கரவனெல்லைக்கு வந்து சேர்ந்தோம். இன்னும் கட்டவிழ்க்காத ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். வாசலுக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் பன்னிரண்டு அடி இருந்தால் அதிகம். பஸ் போகும்போதெல்லாம் அலுமாரிக்குள் கண்ணாடிக் கிளாஸ்கள் சத்தம் போடுகின்றன. உடனே உன் அம்மா கையில் இருப்பதைப் போட்டுவிட்டு, அது அவிசாவளை பஸ்ஸா, ஹட்டன் பஸ்ஸா என்று எட்டிப் பார்க்கிறாள். நேற்று மத்தியானம் வரைக்கும் எண்ணிச் சொன்னாள், பிறகு எண்ணிக்கை தவறிவிட்டதாம். எனக்கும் அதே நிலைதான். இரண்டு நாளாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை, பசியும் தெரியவில்லை. அறுபத்தாறு வயதில் இப்படி ஒரு துள்ளல் வரும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஃபோனில் சொல்லலாம்தான். ஆனால் நான் மூச்சுவிடாமல் பேசி எல்லாவற்றையும் முன்னும் பின்னுமாகக் குழப்பிவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

எழுத இன்னொரு காரணமும் உண்டு. ஆனி மாதம் நீ பேசினாய் அல்லவா? தையில் கல்யாணத்தை வைத்துக்கொண்டு உனக்கும் பிரபுவுக்கும் ஓயாத வாதம் என்றாய். அவருக்கு அவிசாவளையில் தன் அம்மாவோடு இருக்க வேண்டும், உனக்குக் கொழும்பில் வேலைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். நான் வழக்கம்போல, "கொஞ்சம் விட்டுக்குடுத்துப் போனா எல்லாம் சரியாப் போயிரும்மா" என்றேன். அதற்கு நீ, "அம்மா இருபத்தஞ்சு வருசமா விட்டுக்குடுத்தாங்களே அப்பா, என்னத்தக் கண்டாங்க? முழங்கால் வலியத்தானே கண்டாங்க?" என்று கேட்டாய். லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் பதில் இல்லை. இப்போது கொஞ்சம் இருக்கிறது. வீடு விற்ற கதையைச் சொன்னால்தான் அது உனக்கு விளங்கும்.

உனக்கு மூன்று வயதில் அந்தக் காணியை வாங்கினோம். இரண்டு காணி பார்த்தோம் என்பது உனக்குத் தெரியாது. ஒன்று யட்டியாந்தோட்டை போகும் வழியில் ரோட்டோரத்தில் எட்டு பேர்ச் நிலம். மற்றது அதற்குக் கீழே, சரிவில், ஓடைப் பக்கம் இருபது பேர்ச். இரண்டும் ஒரே விலை. உன் அம்மா ரோட்டோரத்தைத்தான் காட்டினாள். ரப்பர் பால் வெட்டுக்குப் போய்க்கொண்டே தோட்டத்துத் தையல் வகுப்பில் படித்து அப்போதுதான் மெஷின் வாங்கியிருந்தாள். "ரோட்டுல இருந்தா தைக்க ஆள் வரும், நாலு மனுசரப் பாத்த மாதிரியும் இருக்கும்" என்றாள். நான் லயத்து வரிசை அறையில் பிறந்து அதிலேயே வளர்ந்தவன். பக்கத்து அறையில் ஒருவர் இருமினால் எங்கள் அறையில் தூக்கம் கலையும். யாருடைய இருமலும் கேட்காத இடத்தில் ஒருநாளாவது படுக்க வேண்டும் என்பது பெக்டரியில் ரப்பர் ரோலர் சுற்றிய காலமெல்லாம் எனக்கிருந்த ஆசை. மரம், ஓடை, இருபது பேர்ச் என்று ஒரு வாரம் பேசினேன். அவள் கடைசியில் "சரிங்க" என்றாள். அந்தச் "சரிங்க"வை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். வீட்டை நானே நின்று கட்டினேன். சிவப்புச் சீமெந்துத் தரையைத் தேங்காய் மட்டையால் தேய்த்துத் தேய்த்து முகம் தெரியும்படி செய்தேன். உன் அம்மாவின் வாடிக்கைக்காரிகள் படியிறங்கி வர முடியாமல் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். தைத்த துணியை அவளே பையில் போட்டுக்கொண்டு மேலே ஏறி வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வந்தாள். அதையும் நான் கெட்டிக்காரத்தனம் என்றுதான் நினைத்தேன்.

இனிச் சொல்வது உனக்கு நான் மறைத்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவள் முழங்கால் நோகிறது என்று முதல் தடவை வாய்விட்டுச் சொன்னாள். சரி, விற்றுப் பார்ப்போம் என்று நாலு பேரிடம் சொல்லி வைத்தேன். ருவன்வெல்லையிலிருந்து ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர் வந்தார். அமைதியான இடம் தேடியவர். காணியும் பிடித்தது, விலையும் பிடித்தது. போகிற போக்கில், "இந்தத் தரைய ஒடச்சிட்டு வேற போடணும்" என்றார். அவ்வளவுதான். எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ தெரியாது. "வீடு விக்கிறதா இல்ல" என்று சொல்லிவிட்டேன். உன் அம்மா தேத்தண்ணித் தட்டோடு குசினி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தட்டை அப்படியே மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அதற்கு இரண்டு வருஷம் கழித்து, மழையில், தைத்த துணிப் பையோடு நாற்பதாவது படியிலோ எதிலோ வழுக்கி விழுந்தாள். உன்னிடம் "சின்னதா சறுக்கிருச்சு" என்றுதான் சொன்னேன். மணிக்கட்டு முறிந்திருந்தது. நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் மேலே தூக்கிக்கொண்டு போய்த்தான் கரவனெல்லை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முன்பக்கத்துக் காலைப் பிடித்தவர் பக்கத்துக் காணி குணபால. என்னோடு பேச்சில்லாத மனிதர். என் முகத்தைப் பார்க்காமலேயே எழுபத்திரண்டு படியும் தூக்கிக்கொண்டு ஏறினார். ஒரு தரைக்காக நான் வேண்டாம் என்று சொன்னதற்கு அவள் கை முறிந்தது, வாணி. இதை இன்றைக்குத்தான் முதல் தடவை எழுத்தில் வைக்கிறேன்.

இந்த வருஷம் பொங்கல் கழிந்து ஒருநாள் முழங்கால் கிளினிக்குக்குப் போனவள் இரண்டு மணி நேரம் பிந்தி வந்தாள். பையை வைத்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, "வீடு பாத்துட்டு வந்தேன்" என்றாள்.

"எந்த வீட்ட?"

"கரவனெல்லையில, ரோட்டோரம். ரெண்டு அறை, முன்னுக்கு விறாந்தை. ஒரு ஹாஜியார் வீடு. அவரு மாவனல்லையில மகனோட போயி இருக்கப் போறாராம். ஆனி முடியிற வரைக்கும் வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்னு வாக்குக் குடுத்துட்டாரு. தையல் காசுல கொஞ்சம் முற்பணமும் குடுத்துட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலியே?"

"கேட்டா நீங்க என்ன சொல்வீங்கன்னு தெரியும். அதான் கேக்கல. நான் மேல போறேங்க. நீங்களும் வாறதுன்னா எனக்குச் சந்தோசம்."

குரலை உயர்த்தவில்லை. ரொட்டிக்கு மாவு பிசையப் போய்விட்டாள். நான் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். நாலாம் நாள், அந்த வீட்டில் நாலு குறை கண்டுபிடித்து வந்து சொல்ல வேண்டும் என்றே தனியாக பஸ் ஏறினேன். குறைக்குப் பஞ்சமில்லை. கூரை ஒழுகுகிறது, கக்கூஸ் வெளியே, முற்றம் என்று சொல்ல ஒரு பாய் விரிக்கும் இடம்கூட இல்லை. பக்கத்தில் ஓடும் கங்கை பெருகினால் ஆற்றுத் தண்ணீர் எது வரைக்கும் வரும் என்று கேட்டேன். ஹாஜியார் என்னை எதிர்ச்சரிவில் இருந்த ஒரு கடைக்குக் கூட்டிப்போய்ச் சுவரில் பழைய வெள்ளத்தின் கறையைக் காட்டினார். "இந்தா, இதுவரைக்கும்தான். நம்ம வீட்டு அத்திவாரம் இதவிட ஒரு ஆள் உயரம் மேல. பொய் சொல்லி வித்தா நான் மாவனல்லையில நிம்மதியா இருக்க ஏலுமா?" என்றார். அதற்கு மேல் என்ன குறை சொல்வது என்று யோசித்துக்கொண்டு நிற்கும்போது, குடை பிடித்துக்கொண்டு போன ஒரு பெண் நின்று, "ஹாஜியார், அந்தத் தைக்கிற அம்மா எப்ப வாறாங்க? ரெண்டு பிளவுஸ் தைக்கத் தாறதா சொல்லியிருக்கேன்" என்று கேட்டாள். வீடு வாங்குவதற்கு முன்னாலேயே உன் அம்மா ஓடர் எடுத்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்தவர் தள்ளி உட்கார்ந்தார். வீட்டுக்கு வந்து, "விப்போம்" என்றேன். அவள் என்னை நம்பவில்லை. நம்பாமல் இருக்க அவளுக்கு நியாயம் இருந்தது.

வாங்க வந்தவர்கள் நில்மினியும் அவள் கணவன் ருவனும். உன்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். அந்தூரியம் வளர்த்துக் கொழும்புப் பூக்கடைகளுக்கு அனுப்புகிறவர்கள். எங்களுக்கு எது பாரமோ அதுவே அவர்களுக்கு வேண்டியது: நிழல், ஈரம், ஓடை. ருவன் படியில் மூச்சு வாங்காமல் இறங்கி, நேரே ஓடைப் பக்கம் போய் மண்ணை அள்ளி முகர்ந்து பார்த்தார். நில்மினி செருப்பைக் கழற்றிவிட்டு முன்னறையில் நடந்தாள். "தரை நல்ல குளிர்ச்சி" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த வார்த்தையாக, "நாங்க டைல்ஸ் போடுவோம், பிள்ளைக்கு லேசு" என்றாள். வாணி, அந்த நிமிஷத்தில் என் தொண்டை வரைக்கும் வந்த வார்த்தை உனக்குத் தெரியும். திரும்பிப் பார்த்தேன். உன் அம்மா இந்தத் தடவை குசினி வாசலில் நிற்கவில்லை. எனக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "டைல்ஸ் போட்டா கழுவ லேசுதான்" என்றேன். சொன்ன பிறகு பார்த்தால் ஒன்றும் ஆகவில்லை. கூரை இடியவில்லை. உள்ளே ஏதோ ஒரு பாரம் நழுவி விழுந்த மாதிரி இருந்தது. எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது.

விலையில் நீ ஒரே பிடியாக நின்றாய். ஒரு சதமும் குறைக்கக் கூடாது என்று ஒரு கிழமையில் மூன்று தடவை எடுத்துச் சொன்னாய். நான் குறைத்தேன். ஏன் என்று கேள். அவர்களுக்கு பேங்க் தருவது இவ்வளவுதான் என்று கடிதத்தையே காட்டினார்கள். அதற்கு மேல் கேட்டால் அவர்கள் பொய்யாக ஒத்துக்கொண்டு பிறகு முழிப்பார்கள், அல்லது போய்விடுவார்கள். ஹாஜியார் கொடுத்த கெடுவோ ஆனி முடிவு. நான் குறைத்ததற்கு ஈடாக, நாங்கள் அவசரமில்லாமல் ஆவணி வரைக்கும் அங்கேயே இருக்கலாம், பத்திரம் எழுதும் நொத்தாரிசின் செலவு அவர்களுடையது என்று உன் அம்மா பேசி வாங்கினாள். நான் பேசியிருந்தால் வாயடைத்துப் போயிருப்பேன். அவள் பேரம் பேசி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. என்னோடு அவள் ஒருநாளும் பேரம் பேசியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

எல்லாம் சரி என்று நினைத்த நேரத்தில் நொத்தாரிசு அம்மா காணி உறுதிப் பத்திரத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பாதை இதுல இல்லையே" என்றார். படிகளின் மேல் முனை இருபதடி குணபாலவின் காணிக்குள் போகிறது. வாங்கிய காலத்தில் வாய்ப்பேச்சில் விட்டது. எழுத்தில் இல்லாவிட்டால் பேங்க் காசு தராது. குணபால கையெழுத்து வைக்க வேண்டும். ஆனி முடிய இன்னும் பத்தொன்பது நாள். குணபாலவோடு நான் பேசிப் பதினொரு வருஷம்.

அந்தச் சண்டை துரியன் மரத்தால் வந்தது என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். எல்லையில் நின்ற மரம், பழம் எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கத்துக்கு என்பது எங்களுக்குள் ஒரு ஒழுங்கு. ஒருநாள் காலை என் பக்கத்தில் விழுந்து கிடந்த மூன்று பழங்களைக் காணோம். நான் நேரே மேலே போனேன். சந்தித் தேத்தண்ணிக் கடையில் குணபால பத்துப் பேரோடு உட்கார்ந்து பாண் தின்றுகொண்டிருந்தார். எல்லார் முன்னாலும் அவரை "ஹொரா" என்றேன். திருடன் என்று. அவர் எழுந்து போய்விட்டார். நாலு நாள் கழித்து ஓடைக்குக் கீழே பள்ளத்தில் துரியன் தோலும் காட்டுப்பன்றிக் கால்தடமும் பார்த்தேன். பன்றி தின்றிருக்கிறது. பார்த்துவிட்டு இலையைப் போட்டு மூடிவிட்டு வந்தேன். உன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. பதினொரு வருஷமாகச் சொல்லவில்லை.

இரண்டு நாள் யோசித்தேன். பிறகு போனேன். குணபால வேலியோரம் மிளகுக் கொடிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். பாதை விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே கயிறு கட்டினார்.

"கையெழுத்து வைக்கிறது பெரிய விசயமில்ல" என்றார் சிங்களத்தில். "ஆனா எனக்கு ஒண்ணு திருப்பித் தரணும்."

"என்ன வேணும்? மரத்த எடுத்துக்கங்க. எல்லையத் தள்ளிப் போடச் சொல்லவா?"

"மரம் எதுக்கு எனக்கு? நீங்க என்னை ஒரு வார்த்தை சொன்னீங்க. அத எங்க சொன்னீங்களோ அங்கயே திருப்பி எடுத்துக்கங்க."

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பன்றிக் கால்தடத்தையும் சேர்த்து. அவள் தைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "நாளைக்குக் காலையில போங்க. சட்டைய மடிச்சி வச்சிருக்கேன்" என்றாள். ஒரு குத்தல் பேச்சும் இல்லை.

காலை ஏழு மணிக்குக் கடை நிறைந்திருந்தது. பழைய ஆட்கள் பாதி, புதிய ஆட்கள் பாதி. குணபால மூலையில் உட்கார்ந்திருந்தார். நான் சிங்களத்தில் சொன்னேன்: "பதினோரு வருசத்துக்கு முன்னால இந்த எடத்துல நின்னு இவரத் திருடன்னு சொன்னேன். இவரு எடுக்கல. பன்னி தின்னது. நாலு நாள்ல எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சும்மா இருந்தேன். பிழை என்னோடது." கடைக்காரர் கரண்டியைக் கீழே வைத்தார். குணபால கிளாஸை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "பன்னின்னு எனக்கும் அன்னைக்கே தெரியும். உங்களுக்குத் தெரியும்னும் எனக்குத் தெரியும், அய்யே. அதுதான் கோபம்." அய்யே, அண்ணன், என்றே கூப்பிட்டார். பிறகு கடைக்காரரிடம், "இவருக்கும் ஒரு தேத்தண்ணி" என்றார்.

அந்தத் தேத்தண்ணியை நான் எப்படிக் குடித்து முடித்தேன் என்று தெரியாது. வெளியே வந்தபோது ஓட வேண்டும் போல இருந்தது. கையெழுத்து மட்டும் இல்லை, பதினொரு வருஷமும் திரும்பி வந்த மாதிரி. அதன் பிறகும் ஒரு இழுபறி இருந்தது. ருவனுக்குச் செடி வண்டி தள்ள நாலடிப் பாதை வேண்டும். குணபால மூன்றடிக்கு மேல் தரமாட்டேன் என்றார். ஓரத்தில் அவருடைய எட்டு மிளகுக் கொடி. பாதியாய் வெட்டி மூன்றரை அடி என்றால் வண்டியும் போகாது, மிளகும் மிஞ்சாது. ஆகவே கொடிகளை வேரோடு கிளப்பித் தள்ளி நடுவோம் என்றேன். இரண்டு நாள், இரண்டு கிழவர்களும் மண்வெட்டியோடு நின்றோம். ஒரு கொடி வாடிவிட்டது. ஏழு பிடித்துவிட்டன. ஆனி முடிய மூன்று நாள் இருக்கும்போது எல்லாருமாக நொத்தாரிசிடம் போய்க் கையெழுத்து வைத்தோம். அன்று பின்னேரமே உன் அம்மா ஹாஜியாருக்கு மீதியையும் கொடுத்துச் சாவியை வாங்கிக்கொண்டாள்.

பிறகு வந்ததுதான் வேடிக்கை. நில்மினியின் அம்மா நெக்கத்த என்கிற சுபநேரம் பார்த்துக்கொண்டு வந்தார். புது வீட்டில் பால் பொங்க நல்ல நேரம் இதுதான் என்று அவர் காட்டிய நாள் ஆடி மாதத்தில் விழுந்தது. அதைவிட்டால் ஐந்து மாதத்துக்கு நேரம் இல்லையாம். உன் அம்மாவோ ஆடியில் வீடு மாறவே மாட்டேன் என்றாள். முழங்கால் பற்றி எரிந்தாலும் ஆடியில் அந்த ரோட்டு வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்றாள். இரண்டு அம்மாக்களும் நடுவில் நின்றுகொண்டு ஆளுக்கொரு பஞ்சாங்கத்தைச் சொன்னார்கள். அப்போது நில்மினிதான், "நாங்க வந்து பால் பொங்கிட்டுப் போறோம், அம்மா. நீங்க இருங்க. ஆவணியில போங்க" என்றாள். இருக்கிறவர்கள் இருக்கும்போதே வேறொரு குடும்பம் வந்து பால் பொங்குவதை யாராவது கேள்விப்பட்டிருப்பார்களா? பொங்கினார்கள். அன்று விடியற்காலை எங்கள் குசினியில் பதினொரு பேர். குணபாலவும் மனைவியும்கூட வந்திருந்தார்கள். புதுச் சட்டி, புது அடுப்புக்கல், எல்லாம் சரி. ஆனால் இரவெல்லாம் பெய்த மழையில் விறகு நனைந்து போயிற்று. நல்ல நேரத்துக்கு ஆறு நிமிஷம் இருக்கிறது, நெருப்புப் பிடிக்கவில்லை. ருவன் ஊதுகிறார், நில்மினியின் அம்மா கும்பிடுகிறார், யாரோ கடதாசி தேடுகிறார்கள். உன் அம்மா என்னைப் பார்த்து, "ஒட்டுப்பால்" என்றாள். நான் பின்பக்கம் ஓடினேன். மரத்தில் காய்ந்து ஒட்டிய ரப்பர்ப் பால் ஒரு தகரத்தில் கிடந்தது. இரண்டு துண்டை எடுத்துவந்து செருகிப் பற்றவைத்தேன். குபீரென்று பிடித்தது. கரும்புகை வீடெல்லாம். கண்ணெரிந்து எல்லாரும் இருமுகிறார்கள், யார் இருமுகிறார்கள் என்றே தெரியாத இருமல், அதன் நடுவே பால் பொங்கி வழிந்தது. நேரம் சரி. நில்மினியின் அம்மா புகைக்குள்ளிருந்து உன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பாற்சோற்றில் ரப்பர் மணம் கொஞ்சம் இருந்தது. ஒருவரும் மிச்சம் வைக்கவில்லை.

இதை மறுநாள் எழுதுகிறேன். இதுவரை எழுதியதை நேற்று இரவு உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே ஊசியில் நூல் கோத்தாள். முடிந்ததும், "எல்லாம் சரி, ஒரு எடத்துல மட்டும் பொய் எழுதியிருக்கீங்க" என்றாள்.

"எங்க?"

"புள்ள சொன்னதா எழுதியிருக்கீங்களே, நான் இருபத்தஞ்சு வருசமா விட்டுக்குடுத்தேன்னு. நீங்களும் அத அப்படியே ஒத்துக்கிட்டு எழுதுறீங்க. நான் விட்டுக்குடுக்கல. வாயத் தொறக்காம இருந்தேன். பயத்துல. சண்டை வரும்னு. விட்டுக்குடுக்கிறதுன்னா எனக்கு என்ன வேணும்னு நான் முதல்ல சொல்லியிருக்கணும்ல?"

நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். எனக்கு இதைத் திருத்தி எழுத மனம் வரவில்லை. அவள் சொன்னதை அவள் சொன்னபடியே உனக்கு அனுப்புகிறேன். இதில் என் பங்கையும் சொல்லிவிட வேண்டும்: அவள் வாயைத் திறக்காமல் இருந்தது எனக்கு வசதியாக இருந்தது, அதனால் நான் கேட்கவும் இல்லை. பிரபு கேட்கிற ஆளாக இருந்தால் நல்லது. கேட்காவிட்டாலும் நீ சொல்லு. உனக்கு என்ன வேண்டும் என்பதை முழுசாகச் சொல்லு, அவருக்கு என்ன வேண்டும் என்பதையும் முழுசாகக் கேள். மரத்துக்காகச் சண்டை என்று நான் நினைத்தேன், அந்த மனிதருக்கு வேண்டியிருந்தது ஒரு வார்த்தை. அவிசாவளை என்று பிரபு சொல்வதற்குள்ளும் வேறு ஏதாவது இருக்கலாம். அவருடைய அம்மாவுக்குக் கொழும்பில் மாடிப்படி ஏற முடியாமலிருக்கலாம், தனியாகப் படுக்கப் பயமாயிருக்கலாம். எனக்குத் தெரியாது. நீ கேட்டுப் பார்த்தாயா? கேட்ட பிறகும் கொழும்புதான் வேண்டும் என்றால் கொழும்பு என்றே நில். இந்தத் தடவை நான் "விட்டுக்குடு" என்று சொல்ல மாட்டேன்.

இங்கேயும் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. முன்விறாந்தை முழுக்க மெஷினுக்கு வேண்டும் என்கிறாள் உன் அம்மா. என் சாய்வு நாற்காலியைப் பின்னறைக்குத் தள்ளியிருக்கிறாள். எனக்கும் ரோட்டைப் பார்க்க வேண்டும். இன்று காலை இதைச் சத்தமாகவே பேசினோம். பக்கத்துக் கடைக்காரருக்குக் கேட்டிருக்கும். மெஷின் ஜன்னல் பக்கம், நாற்காலி கதவுப் பக்கம், ஆள் வந்து அளவெடுக்கும்போது நான் எழுந்து உள்ளே போய்விட வேண்டும் என்று இப்போதைக்கு முடிவாகியிருக்கிறது. இதற்குள் மூன்று தடவை எழுந்துவிட்டேன். குடை பிடித்த அந்தப் பெண் இரண்டு பிளவுஸ் என்று சொல்லிவிட்டு ஐந்து துணியோடு வந்து நிற்கிறாள். உன் அம்மா கழுத்தில் அளவு நாடாவைப் போட்டுக்கொண்டு, ஒரு கிழமை ஆகும் என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்தக் குரலை நீ கேட்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வாருங்கள். பேச்சு முடியாமல் இருந்தாலும் பரவாயில்லை, வழியெல்லாம் பேசிக்கொண்டே வாருங்கள். யட்டியாந்தோட்டை பஸ்ஸில் ஏறி ஹாஜியார் வீட்டடியில் இறக்கிவிடச் சொன்னால் போதும், கண்டக்டருக்குத் தெரியும். இறங்குகிற இடத்திலேயே நாங்கள் நிற்போம்.

உன் அப்பா